காலி வீட்டில் இருபத்துநாலு டிகிரி

கார்லண்ட் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். விரல்கள் வெளியே வந்ததும் வலித்தன. காலையிலிருந்து அவனும் அம்ப்ரோசும் ஒரே குழாயைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். குழாயைச் சுற்றிச் சூட்டுக்கம்பி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் தகரம். எண்ணெய் மணலைக் காய்ச்சும் ஆலையில் குழாய் உறைந்தால் ஆலை நின்றுவிடும். குழாய் உறையாமல் இருக்க ஆள் உறைய வேண்டும். அதுதான் வேலை.

சாப்பாட்டுக் கொட்டகைக்குள் வந்து பெஞ்சில் சாய்ந்தவன், சாப்பாட்டுப் பையைத் தொடாமல் போனை எடுத்தான்.

திரையில் அவன் வீடு வந்தது. வீடென்றால் படம் எதுவும் இல்லை. ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண். மேற்கிலிருக்கும் இந்த ஆல்பர்ட்டா பூமிக்கும் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தில் கடலோரமாக நிற்கிற அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு நாடே கிடந்தது. ஆனாலும் சமையலறைச் சுவரில் அவன் கையாலேயே திருகி மாட்டிய தெர்மோஸ்டாட், அங்கே எவ்வளவு சூடு என்பதை இங்கே சொல்லிவிடும். இங்கிருந்தே ஏற்றலாம், இறக்கலாம். ஆளில்லாத வீடு; குழாய் உறையாமல் இருந்தால் போதும் என்று பன்னிரண்டு டிகிரியில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

வட்டத்துக்குள் இருபத்துநாலு என்று இருந்தது.

"பொண்டாட்டி போட்டோவப் பாக்குற மாதிரில்ல பாக்குற?" என்றான் அம்ப்ரோஸ். அவனும் நியூஃபவுண்ட்லாந்துக்காரன்தான், வேறொரு குடாவோரத்து ஊர். வாயில் ரொட்டி இருந்தாலும் பேச்சு நிற்காது.

"வீட்டுச் சூடு."

"எவ்ளோ?"

"இருபத்துநாலு."

"நீ எவ்ளோ வச்ச?"

"பன்னண்டு."

"அப்ப எலி அடுப்பு மூட்டுதா?"

அம்ப்ரோஸ் எட்டிப் போனைப் பார்த்தான். வட்டத்துக்குக் கீழே, எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்குகிற பாய்லரைப் பற்றிச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பாய்லர் இன்று ஓடிய நேரம்: பூஜ்யம்.

"பாய்லர் ஓடல, ஆனா வீடு சூடா இருக்கு. விறகடுப்புதான் எரியுது. ஆளில்லாத வீட்ல அடுப்பு எரிஞ்சா ஒண்ணு திருடன், இல்லன்னா பேய். திருடன்னா தூக்கிட்டுப் போயிருப்பான், உக்காந்து குளிர்காய மாட்டான். பேய்க்குக் குளிராது." விரலை நக்கினான். "பக்கத்து வீட்டுக்கு ஒரு போனப் போட்டுக் கேளேன்."

"பக்கத்து வீட்ல எங்க அண்ணன் இருக்கான்."

"நல்லதாப் போச்சு."

"பேசறதில்ல."

"ஓ," என்றான் அம்ப்ரோஸ். அதற்குமேல் கேட்கவில்லை. பேசாத அண்ணன் அவனுக்கும் ஒருவன் இருந்தான்.

திருடன், பேய் தவிர மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அதைக் கார்லண்ட் யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் போய்விடும் என்று இருந்தது.

அவன் மனைவி ட்ரூடி போனது இலையுதிர் காலத்தில். சண்டை ஒன்றும் இல்லை. அவன் லீவு முடிந்து கிளம்புகிற காலையில், அவன் பை கதவோரம் இருந்தபோது, அவளும் ஒரு பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டான். அவள் சுவரிலிருந்த வட்டத்தைக் காட்டினாள்.

"நீ அனுப்புற சூடு வருது. நீ வரல. சூட்டக் கட்டிக்கிட்டு எத்தன வருசம் படுக்கறது?"

ஆரம்பத்தில் அது அவர்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் விழிக்கும் முன் அவன் அங்கிருந்தே வீட்டைச் சூடாக்கி வைப்பான். அவள் போன் செய்து, "இன்னும் கொஞ்சம் ஏத்து ராசா, காலு சில்லுங்குது" என்பாள். அவளுக்கு எப்போதும் கால்தான் குளிரும். போகப் போக, அவள் ஜன்னலைத் திறந்தால் அவனுக்கு எண் இறங்குவது தெரிந்தது. யார் வந்தது, ஏன் கதவு திறந்து கிடக்கிறது என்று கேட்பான். வம்புக்குக் கேட்டதில்லை, அவனுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த எண் ஒன்றுதான். ஒருநாள் அவள், "நீ புருசனா, வாட்ச்மேனா?" என்று கேட்டு போனை வைத்தாள். அதற்குப் பிறகு சூடு ஏற்றச் சொல்லி அவள் போன் செய்யவில்லை. மீன் ஆலையிலிருந்து வந்ததும் இரும்பு விறகடுப்பை மூட்டிக்கொள்வாள். அங்கே பொழுது சாயும்போது எண் கிடுகிடுவென ஏறும். இங்கே அவன் மத்தியான ரொட்டியைக் கடித்துக்கொண்டே, வந்துவிட்டாள், கோட்டைக் கழற்றிவிட்டாள், டீ போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

இப்போதும் எண் அதே நேரத்துக்குத்தான் ஏறியது. அதே வேகம். முதல் நாள் பார்த்தபோது தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று நினைத்தான். மறுநாளும் ஏறியது. அதற்கு மறுநாளும். அப்போதிருந்து சாப்பாட்டுப் பையை அவன் கடைசியாகத்தான் திறந்தான்.

'நீயா?' என்று ஒரு செய்தி எழுதினான். அனுப்பவில்லை. அது அப்படியே போனில் கிடந்தது.

பிறகு ஊரில் பனிக்காற்று இறங்கியது. வானிலைப் பக்கத்தில் அவன் ஊரான பார்சன்ஸ் குடாவுக்கு எதிரே மைனஸ் இருபது, வடக்குக் காற்று என்று போட்டிருந்தது. வட்டத்தில் இருபத்துநாலு. பாய்லர் பூஜ்யம்.

இதன் அர்த்தம் தெரிந்துகொள்ள சர்ட்டிபிகேட் தேவையில்லை. அவனிடம் குழாய் வேலைக்கான சர்ட்டிபிகேட்டும் இருந்தது. தெர்மோஸ்டாட் இருப்பது சமையலறையில், விறகடுப்புக்கு எதிர்ச் சுவரில். அடுப்பு எரிந்தால் வீடே சூடாக இருக்கிறது என்று அது நம்பிக்கொள்ளும். பாய்லரை எழுப்பாது. பாய்லர் தூங்கினால் சுடுதண்ணீர் சுற்றாது. பின்கட்டில் வடக்குச் சுவரை ஒட்டிப் போகிற குழாயில் நிற்கிற தண்ணீர் நின்றபடியே உறையும். உறைந்தால் பெருக்கும், பெருத்தால் குழாய் கிழியும். ஊர்க் குழாய்க்கெல்லாம் பஞ்சுப் போர்வை போர்த்துகிறவன் வீட்டுக் குழாய் அம்மணமாகக் கிடந்தது.

"முப்பதுக்கு ஏத்திவிடுடா," என்றான் அம்ப்ரோஸ். "அடுப்பு எரிஞ்சா எரியட்டும். முப்பதுன்னா பாய்லர் ஓடித்தானே ஆகணும்?"

கார்லண்ட் கட்டைவிரலைத் திரைமேல் கொண்டுபோனான். ஒரு தள்ளு தள்ளினால் போதும். ஆனால் ஏற்றினால் சமையலறை வேகும். கீழே பாய்லர் உறுமும். உள்ளே இருப்பவள் சுவரைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். வாட்ச்மேன். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"ஏத்திட்டேன்," என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டான்.

அம்ப்ரோஸ் அவன் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை. ரொட்டியில் பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டான்.

லீவு வரும்வரை கார்லண்ட் எண்ணைத் தொடவில்லை.

ஊருக்குப் போகிற விமானங்களில் பாதிப் பேர் அவனைப் போன்றவர்கள். உட்கார்ந்ததும் வாயைத் திறந்து தூங்குவார்கள். இறங்கும்போது எந்த ஊர் என்று பக்கத்தில் கேட்பார்கள். எட்மண்டன் விமான நிலையத்தில், காத்திருந்த நேரத்தில், ஆட்டுத்தோலில் உள்ளே ரோமம் வைத்துத் தைத்த வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினான். கடைக்காரப் பெண் அளவு கேட்டாள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

ஊருக்குப் பக்கத்து விமான நிலையமான காண்டரில் டல்சி வண்டியோடு நின்றாள். அந்தக் கரையோர ஊர்களுக்கெல்லாம் அவள் வேன்தான் டாக்சி, தபால், பத்திரிகை எல்லாம். அறுபது வயது. பேசாமல் ஓட்டினால் தூக்கம் வரும் என்பாள்.

"வா கண்ணு. என்னடா இது, செத்த மீன் மாதிரி மொகம்? சோறு போடறாங்களா இல்லையா அங்க?"

"போடறாங்க. தின்ன நேரமில்ல."

வேனில் வேறு ஆளில்லை. வெளியே மழை. நேற்றுவரை உறைந்து கிடந்த ரோட்டில் இன்று தண்ணீர் ஓடியது.

"ராத்திரியோட காத்து திரும்பிருச்சு. நேத்து மூக்கு ஒடிஞ்சு விழும்போல இருந்துச்சு, இன்னிக்குப் பாரு, ஓட்டிலேர்ந்து சொட்டுது. இது வானிலையா, குடிகாரன் புத்தியா? ஆமா, உன் வீட்ட—"

"ரோடு மேல வரைக்கும் திறந்திருக்கா?" என்றான் கார்லண்ட்.

"திறந்திருக்கு. நான் என்ன சொல்ல வந்தேன்னா, உன் வீட்ல இப்ப—"

"உன் மவன் எப்படி இருக்கான்?"

டல்சி கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். நாற்பது வருடமாக ஆட்களை ஏற்றி இறக்குகிறவள். கேட்க விரும்பாதவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லா இருக்கான்," என்றாள். "அவன் கதையச் சொல்றேன் கேளு." சொல்லிக்கொண்டே வந்தாள். கார்லண்டின் காதில் ஒன்றும் விழவில்லை. செருப்புப் பை மடியில் இருந்தது.

கடைசித் திருப்பத்தில் குடா தெரிந்தது. சாம்பல் நிறக் கடல், கரையில் வீடுகள், ஓரத்தில் அடுத்தடுத்து அவன் வீடும் அண்ணன் ஹேவர்ட் வீடும். அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்து மழையில் சாய்ந்து போனது. பிர்ச் விறகுப் புகை. அதைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பக்கத்து வீட்டிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும்.

"பையக் குடு, நான் எறக்கறேன்," என்றாள் டல்சி.

"வேணாம் டல்சி. நீ போ."

"கண்ணு," என்றாள். அப்புறம், "சரி. ஏதாவதுன்னா கூப்புடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அந்த ஊரில் முன்வாசலைப் பாதிரியாரும் பிணமும்தான் பயன்படுத்துவார்கள். அவன் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் போனான். பூட்டு கிடையாது. தள்ளினான்.

சமையலறைச் சூடு முகத்தில் அடித்தது. அடுத்ததாகத் தெரிந்தது தண்ணீர். தரை முழுக்கத் தண்ணீர், அதில் மிதக்கிற சாம்பல். நடுவே முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த காலுறையோடு, கையில் துடைப்பக் கட்டையோடு ஹேவர்ட் நின்றான்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா செத்ததற்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டதில்லை. அப்போது கார்லண்டுக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. புயலில் விமானமும் தாமதம். தேவாலயத்தில் ஊரே உட்கார்ந்திருக்க, அவன் உள்ளே நுழைந்தபோது ஹேவர்ட் சத்தமாகச் சொன்னான்: "வந்துட்டாரு ஆல்பர்ட்டா தொரை. இனிமே பொணத்த எடுங்கப்பா." அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஹேவர்ட் விறகு வெட்டும் சத்தம் இவனுக்குக் கேட்கும், இவன் இருமுவது அவனுக்குக் கேட்கும். அவ்வளவுதான்.

கார்லண்ட் அண்ணனைத் தாண்டிச் சமையலறையைப் பார்த்தான். ஆணியில் ஒரு கோட்டு, ஹேவர்டுடையது. மேஜையில் ஒரு டீக் கோப்பை. ஒன்றுதான்.

"வேற யாரும் இல்லையா?" என்று கேட்டான்.

"வேற யாரு? மேயரா?" என்றான் ஹேவர்ட். "நின்னு பாக்காத, அந்த வாளிய எடு. பின்கட்டுல குழாய் வெடிச்சிருச்சு. உன் வால்வு எங்கடா இருக்கு, கெணத்துக்குள்ளயா? தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பாதிக் கடலு உள்ள வந்திருச்சு."

கார்லண்ட் வாளியை எடுத்தான். செருப்புப் பையை மேஜைமேல் வைத்தான். பின்கட்டுக்குப் போனான்.

வடக்குச் சுவர்க் குழாய் மீன் வாய் மாதிரி பிளந்திருந்தது. மழையோடு சூடு வந்து உள்ளேயிருந்த பனிக்கட்டி உருகியதும் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. கீழே ட்ரூடி கட்டி வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டிகள் நனைந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்றின் பக்கம் பிய்ந்து, அவளுடைய கம்பளிச் சட்டையின் கை வெளியே தொங்கியது. பெட்டிகளின்மேல் தூசி அப்படியே இருந்தது, தண்ணீர் படாத இடங்களில். யாரும் தொடவில்லை. யாரும் வரவில்லை.

நாலைந்து வாளி அள்ளிக் கொட்டினார்கள். பிறகு ஹேவர்ட்தான் ஆரம்பித்தான்.

"உன் விறகுல நான் கை வைக்கல. எண்ணிப் பாத்துக்க. எல்லாம் என் விறகு."

"கேக்கலியே."

"கேப்ப. ட்ரூடி போனதுலேர்ந்து உன் வீட்ல புகையில்ல. காலைல என் ஜன்னல்ல பாத்தா முதல்ல தெரியறது உன் புகைபோக்கிதான். கடைல மூணு பேரு கேட்டுட்டாங்க, உன் தம்பி செத்துட்டானான்னு. தெரியாதுப்பா, எங்கிட்ட சொல்லிட்டா சாவான்னேன். அப்புறம் குளிரு வேற. அடுப்பு எரியாத வீடு இத்துப்போகும். சரி, தெனம் ஒரு தடவ மூட்டிவிடுவோம், ஒனக்கும் எண்ணெய் மிச்சம்னு வந்தேன்."

"சொவத்துல இருக்குற வட்டத்தப் பாக்கலியா?"

"பாத்தேன். பன்னண்டு போட்டிருந்துச்சு, ஏதோ கடிகாரம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன்."

கார்லண்டுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"அடுப்பு எரிஞ்சா அது பாய்லர ஓட விடாது. சமையக்கட்டு சூடா இருந்தா வீடு பூரா சூடுன்னு நெனச்சுக்கும்."

ஹேவர்ட் துடைப்பத்தை நிறுத்தினான். அவன் முகம் மெல்ல மாறியது. மரம் வெட்டுகிறவன், படகு கட்டுகிறவன். ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை.

"அப்ப இது நான் பண்ணதா?"

"இல்ல."

"நான் மூட்டின அடுப்பால—"

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றான் கார்லண்ட். "தெனம் பாத்தேன். இருபத்துநாலுன்னும் தெரியும், பாய்லர் ஓடலன்னும் தெரியும். அங்கேர்ந்தே ஓட வச்சிருக்கலாம். விரல அசைச்சாப் போதும்."

"பின்ன ஏன் அசைக்கல?"

கார்லண்ட் எழுந்து வாளியைப் பிடித்தான். ஹேவர்ட் பின்கட்டுப் பெட்டிகளைப் பார்த்தான். மேஜைமேல் இருந்த கடைப் பையைப் பார்த்தான். அதன் வாயில் வெள்ளை ரோமம் எட்டிப் பார்த்தது.

"போயி அவளுக்குப் போனப் பண்ணு," என்றான். "பெட்டி நனைஞ்சத நீதான் சொல்லணும். நான் இந்தப் பக்கம் தொடைக்கறேன்."

கார்லண்ட் மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்தான். அனுப்பாத 'நீயா?' இன்னும் இருந்தது. அழித்துவிட்டு அழைத்தான்.

"சொல்லு கார்லண்ட்." கோபம் இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

"பின்கட்டுல குழாய் வெடிச்சிருச்சு. உன் பெட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு."

"நீ ஊர்லயா இருக்க?"

"இப்பத்தான் வந்தேன்."

"பாய்லர் ஓடலயா? நீதான் அங்கேர்ந்தே எல்லாத்தையும் பாப்பியே."

"பாத்தேன். அடுப்பு எரிஞ்சுது. சாயங்காலம் சாயங்காலம் எரிஞ்சுது. நீன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"நான் இல்ல."

"தெரியுது."

"நெனச்சா கேட்டிருக்கலாம்ல? ஒரு போன் தானே?"

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவன் காத்திருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்த பழக்கம், அவ்வளவுதான்.

"அம்மா தச்ச மெத்தை விரிப்பு, மேல இருக்குற பெட்டில கெடக்கும்," என்றாள் ட்ரூடி. "அது நனையலன்னா டல்சி வண்டில குடுத்துவிடு. மத்ததத் தூக்கிப் போட்டுரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." பிறகு கொஞ்சம் இளகி, "சாப்ட்டியா?" என்றாள்.

"இனிமேதான்."

"சாப்புடு," என்று வைத்துவிட்டாள்.

விரிப்பு நனையவில்லை. அதை மடித்துப் படிக்கட்டில் வைத்தான். மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே மழையில் வைத்தான். நனைந்த துணிக்கு ஆள் கனம் இருந்தது. பிறகு பட்டறையிலிருந்து ரம்பத்தையும் பற்றவைக்கும் சாமானையும் கொண்டுவந்து, பிளந்த குழாயை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்தான். ஹேவர்ட் டார்ச் பிடித்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"நான் பாக்குற பக்கம். உன் மூஞ்சிக்கு இல்ல."

"ஆல்பர்ட்டால மெசின் புடிக்குமோ டார்ச்ச?"

"அங்க பேசாத ஆளு புடிப்பான்."

ஹேவர்ட் மூக்கால் சிரித்தான். குளிரில் டார்ச் வெளிச்சம் ஆடியது. கார்லண்ட் கீழே பார்த்தான். அண்ணன் கால் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. காலுறையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"அதக் கழட்டு," என்றான். "மேசைமேல பையில செருப்பு இருக்கு, போட்டுக்க."

ஹேவர்ட் போய் எடுத்துப் பார்த்தான். "இது பொம்பள செருப்புடா."

"கால் காஞ்சாப் போதும். கல்யாணத்துக்கா போற?"

விரல்கள் மட்டும்தான் நுழைந்தன. பாதி பாதம் வெளியே தொங்க, பெரிய உடம்போடு ஹேவர்ட் பால் திருடிய பூனை மாதிரி நடந்து வந்தான். ரோமத்துக்குள் விரல்களை அசைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். மறுபடி டார்ச்சைப் பிடித்தான்.

பற்றவைத்தது ஆறும்வரை தண்ணீரைத் திறக்க முடியாது. டீ போடத் தண்ணீர் வேண்டும். கார்லண்ட் கெட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போற?"

"உன் வீட்டுக்கு. தண்ணி புடிக்க."

"நான் போறேன்," என்று ஹேவர்ட் அவசரமாக எழுந்தான். செருப்பு தடுக்கியது.

"அந்தச் செருப்போடயா? ஊரு பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கார்லண்ட் வெளியே வந்தான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். ஹேவர்ட் வீட்டின் புகைபோக்கி இடுப்பளவில் உடைந்து, செங்கல் கூரையில் சிதறிக் கிடந்தது. மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. இலையுதிர் காலத்துப் புயல் வேலை. டல்சி வண்டியில் வரும்போதே கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது.

உள்ளே அவன் மூச்சு வெள்ளையாகப் போனது. புகைபோக்கி இல்லாத அடுப்பு செத்துக் கிடந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்து, உள்ளே கைப்பெட்டி அளவுக்கு ஒரு மின்சார ஹீட்டர். கட்டில்மேல் வீட்டிலிருந்த அத்தனை கோட்டும் குவிந்திருந்தது. சமையலறைக் குழாயை உறையாமல் இருக்க நூலாக ஒழுகவிட்டு வைத்திருந்தான். கார்லண்ட் அந்த நூலில் கெட்டிலைப் பிடித்தான். நிரம்ப வெகு நேரம் ஆனது. நின்றான். அவனுக்கு இந்த வீட்டைப் பற்றி ஓர் எண்கூடத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஹேவர்ட் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தம்பி என்ன பார்த்தான் என்பது தெரியும். திரும்பவில்லை.

"செங்கல் வசந்தத்துலதான் வைக்கணும். குளிர்ல சிமென்ட் புடிக்காது," என்றான்.

"புடிக்காது," என்றான் கார்லண்ட். கெட்டிலை அடுப்பில் வைத்தான். "தீ எறங்குது பாரு. ஒரு கட்ட போடு."

ஹேவர்ட் கட்டை போட்டான். டின் பால் ஊற்றி டீ குடித்தார்கள். உப்பு மாட்டுக்கறி கொஞ்சம் ஹேவர்டின் கோட்டுப் பைக்குள் காகிதத்தில் இருந்தது, அதையும் தின்றார்கள். உட்கார்ந்தபடியே கார்லண்டுக்குக் கண் சொருகியது. தூங்கியிருந்தால் விழுந்திருப்பான். எழுந்து, திருப்புளியை எடுத்து, சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான்.

"ஏன்டா, தூக்கிப் போடப் போறியா?"

"பின்கட்டுல மாட்டப் போறேன். இங்க அடுப்பு எரிஞ்சாலும் அங்க குளுந்தா பாய்லர் ஓடும். நீ எவ்ளோ வேணா எரிச்சுக்க."

ஹேவர்ட் அந்த 'எரிச்சுக்க'வைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்றான்.

"அப்ப சமையக்கட்டுல எவ்ளோ சூடுன்னு உனக்கு அங்க தெரியாதே?"

"தெரியாது." கம்பியை இழுத்துப் பார்த்தான். நீளம் போதவில்லை, ஒட்டுப் போட வேண்டும். "நீ இங்க இருப்பல்ல. போன் பண்ணிச் சொல்லு."

"எங்கிட்ட உன் நம்பர் இல்ல."

"பழைய நம்பர்தான் அண்ணே."

"அத அழிச்சிட்டேன்டா."

"எழுதிக்க, சொல்றேன்."

ஹேவர்ட் கோட்டுப் பையில் பென்சில் தேடினான். கார்லண்ட் கம்பியை வாயில் கடித்துக்கொண்டு நம்பரைச் சொன்னான். பாதியில் தப்பாகச் சொல்லி, மறுபடி ஆரம்பித்தான்.